பழங்கட்டடங்களுக்கு டிரை ஐஸ் பிளாஸ்டிங்: எங்கே அடிக்கலாம், எங்கே கூடாது, எப்படி அடிப்பது

பழைய கட்டடத்துக்கு டிரை ஐஸ் அடிக்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அழுக்கு கல்லின் மேல் இருக்கிறதா, கல்லுக்குள் இறங்கிவிட்டதா? மேலே படிந்த புகைக்கரி, எண்ணெய்ப் பிசுக்கு, உரிந்துகொண்டிருக்கும் பெயிண்ட், மெழுகு, தார் ஆகியவற்றை இந்த முறை நன்றாக எடுக்கும். நுண்துளைகளுக்குள் ஊறிய கறையை எடுக்காது. அதையும் எடுத்தே தீருவேன் என்று அழுத்தத்தைக் கூட்டினால் கறையோடு கல்லின் மேல்தோலும் போய்விடும். மெஷின் வாடகை பேசுவதற்கு முன்பே இதற்கு விடை தெரிந்திருக்க வேண்டும்.

இந்த மெஷின் என்ன செய்கிறது

டிரை ஐஸ் என்பது திடநிலைக்குக் கொண்டுவரப்பட்ட கரியமில வாயு. சாதாரண காற்றழுத்தத்தில், மைனஸ் 78.5 டிகிரி செல்சியஸில், உருகித் தண்ணீராகாமல் நேரே வாயுவாகிவிடும். இதை அரிசி அளவு, அதாவது ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் பெல்லட்டுகளாகவோ, பாளத்திலிருந்து சீவிய நுண்துகளாகவோ அழுத்தக் காற்றில் கலந்து நாசில் என்ற முனைக்குழாய் வழியாக வீசுகிறார்கள்.

சுவரில் படும்போது மூன்று காரியம் நடக்கிறது. துகள் வந்த வேகத்தில் மோதுகிறது. அந்தக் குளிரில் மேல்படலம் சட்டென்று சுருங்கி நொறுங்குகிறது; அடியிலிருக்கும் கல்லோ இரும்போ அதே அளவு சுருங்காததால் இரண்டுக்கும் நடுவே ஒட்டு விட்டுப்போகிறது. கடைசியாக, விரிசலில் புகுந்த துகள் வாயுவாகி ஏறக்குறைய 800 மடங்கு விரிந்து, படலத்தை அடியிலிருந்து நெம்பித் தள்ளுகிறது. அடித்த பொருள் காற்றோடு போய்விடுவதால் கீழே விழுவது பெயர்ந்த அழுக்கு மட்டும்தான். மணலும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. ஊறிப்போன பழைய சுண்ணாம்புச் சுவர்களைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இது விமானத் தொழிலில் பிறந்த யோசனை. 1977-இல் லாக்ஹீட் நிறுவனத்தின் கால்வின் ஃபாங் பெயரில் இதற்கு அமெரிக்கக் காப்புரிமை பதிவானது. பிறகு தொழிற்சாலை அச்சுகளைச் சுத்தம் செய்யப் பரவி, அங்கிருந்துதான் மரபுப் பாதுகாப்புப் பணிக்கு வந்தது.

மணல் வீச்சோடு ஒப்பிட்டால் வித்தியாசம் கடினத்தன்மையில் இருக்கிறது. மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸ் மணல் 7. நம்முடைய கருங்கல்லில் உள்ள கனிமங்களும் 6, 7 என்றுதான் இருக்கும். அதனால்தான் தமிழ்நாட்டுக் கோயில்களில் மணல் வீச்சு நடத்தியபோது சிற்பங்களின் கூர்மையும் கல்வெட்டு எழுத்துகளும் மழுங்கின என்ற புகார் எழுந்தது. அமெரிக்க தேசியப் பூங்காத் துறையும் பழங்கட்டடங்களில் உராய்வு முறைகளுக்கு எதிராக 1979-லிருந்தே எச்சரித்து வருகிறது. டிரை ஐஸின் கடினத்தன்மை 2-ஐ ஒட்டியது, ஜிப்சம் அளவுதான். கேட்க ஆறுதலாக இருக்கும். ஆனால் வலுவிழந்து பொரிந்துபோன சுண்ணாம்புப் பூச்சுக்கு அதுவே அதிகம். ‘உராய்வே இல்லாத முறை’ என்று விளம்பரத்தில் போடுவதை அப்படியே நம்பிவிடாதீர்கள்.

முதல் படி: கட்டடத்தைப் படிப்பது

இதற்கு ஒதுக்கும் நேரத்தைக் குறைக்காதீர்கள். கட்டடத்தைச் சுற்றி வந்து, ஒவ்வொரு பரப்புக்கும் இரண்டு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: அடிப்பொருள் என்ன, அதன்மேல் இருப்பது என்ன.

எளிய சோதனைகள் போதும். சுவரில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உடனே உறிஞ்சினால் துளை நிறைந்த பரப்பு, கறை உள்ளே போயிருக்க வாய்ப்பு அதிகம். செல்லோடேப்பை ஒட்டி உரித்தால் கல்லின் பொடியே கூட வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அந்த இடத்தில் எந்த பிளாஸ்டிங்கும் கூடாது, முதலில் கல்லுக்கு வைத்தியம் பார்க்க வேண்டும். சிறு கத்தி முனையால் கறையை லேசாகச் சுரண்டி லென்ஸில் பார்த்தால், அது தனிப் படலமா, கல்லோடு கல்லாகிவிட்டதா என்பது தெரிந்துவிடும். விரல் முட்டியால் பூச்சைத் தட்டுங்கள். பொள்ளென்று ஒலிக்கும் இடங்களைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். காற்றழுத்தம் பட்டால் முதலில் விழுவது அவைதான்.

எந்தப் பரப்பு எப்படி நடந்துகொள்ளும் என்று கேட்டால், என் கணக்கு இது.

வார்ப்பிரும்புத் தூண், கைப்பிடி, கிராதி: நன்றாக வரும். தளர்ந்த பெயிண்ட், கிரீஸ், அடுக்கடுக்காக ஏறிய எனாமல் எல்லாம் போகும். வார்ப்பின் நுண்ணிய பூவேலைப்பாடு தெளிவாக வெளிப்படும். இறுகிய துருவை மட்டும் முழுதாக எடுக்காது. 1862-இல் மூழ்கிய மானிட்டர் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலின் இரும்புப் பாகங்களை வர்ஜீனியாவின் மரைனர்ஸ் மியூசியத்தில் இந்த முறையில் சுத்தம் செய்திருக்கிறார்கள். இரும்புக்கு இது ஏன் ஏற்றது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

வெண்கலச் சிலை: பழைய மெழுகுப் பூச்சை எடுக்க உதவும். அழுத்தம் மிஞ்சினால் காலம் தந்த களிம்பின் நிறமும் சேர்ந்து போகும். அனுபவப்பட்ட பாதுகாப்பு நிபுணர் இல்லாமல் தொடக் கூடாது.

மரம்: தீ விபத்துக்குப் பின் கரி எடுக்க இதைவிடத் தோதான முறை எனக்குத் தெரியாது. கீழே விரிவாகச் சொல்கிறேன்.

செங்கல்: சுட்ட மேல்தோல் உறுதியாக இருந்தால் குறைந்த அழுத்தத்தில் செய்யலாம். அந்தத் தோல் ஒருமுறை போனால் உள்ளேயிருக்கும் மென்மையான பகுதி மழைக்குக் கரைய ஆரம்பிக்கும், திரும்ப வராது. இணைப்பில் உள்ள சுண்ணாம்புக் காரை செங்கல்லைவிட மென்மை என்பதையும் மறக்க வேண்டாம்.

கருங்கல்: மேலே அடித்த பெயிண்ட், விளக்கெண்ணெய்ப் பிசுக்கு போகும், உள்ளே ஊறிய எண்ணெயின் கருநிறம் நிழலாக நிற்கும். அந்த நிழலுக்குக் களிமண் பற்றுப் போட்டு உறிஞ்சி எடுப்பதுதான் வழி.

சுண்ணக்கல், பளிங்கு: நகரப் புகையால் உருவாகும் கறுப்பு ஜிப்சம் படலம் கல்லோடு வேதியியலாகவே பிணைந்தது. அங்கே லேசரும் பற்றும் கைகொடுக்கும். 2019 ஏப்ரல் 15 தீக்குப் பின் பாரிஸ் நோட்ர்-டாமின் உட்சுவர்களில் முதலில் வேக்குவம் பிடித்தார்கள், பிறகு லேடெக்ஸ் பசையைப் பூசிக் காயவிட்டு, ஈயத்தூசியோடு சேர்த்து உரித்தெடுத்தார்கள். உருகிய ஈயக் கூரையின் தூசி படிந்த மென்மையான கல்லுக்கு அது எவ்வளவு பொருத்தமான தேர்வு என்று யோசித்துப் பாருங்கள். வேகக் காற்று அந்தத் தூசியைக் கட்டடம் முழுக்கப் பரப்பியிருக்கும்.

சுவரோவியம், பொன்தகடு, சுதைச் சிற்பம், எழுத்து மங்கிய கல்வெட்டு, வண்ணக் கண்ணாடி: பேச்சுக்கே இடமில்லை. பாசி, கற்பாசி பிடித்த சுவருக்கும் இது முதல் தேர்வல்ல. மேலே தெரிவது போகும், துளைக்குள் இருக்கும் வேரிழை அடுத்த மழைக்கே தழைக்கும். நீராவி அதற்குப் பொருத்தம்.

இன்னொன்றும் உண்டு. சுத்தம் செய்யவே தேவையில்லாத கட்டடங்களும் இருக்கின்றன. நூறாண்டு நிற மாற்றம் அழுக்கு ஆகாது. கல்லைக் கெடுக்காத, எதையும் மறைக்காத படலமாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

இரண்டாம் படி: அனுமதி

மத்தியப் பாதுகாப்பில் உள்ள சின்னமென்றால் 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியத் தொல்லியல் துறையின் அனுமதி இல்லாமல் கைவைக்க முடியாது. அறநிலையத் துறைக் கோயில், சென்னையின் பாரம்பரியப் பட்டியலில் உள்ள கட்டடம் என்றால் அந்தந்தக் குழுவின் ஒப்புதல் வேண்டும். விண்ணப்பத்தோடு மாதிரிச் சோதனையின் படங்களைச் சேர்த்தால் பேச்சு சுலபமாகும்.

மூன்றாம் படி: மாதிரிச் சோதனை

ஒப்பந்தக்காரரின் மாதிரி வேலை படங்களை வைத்து முடிவெடுக்காதீர்கள். உங்கள் சுவரில், யாரும் பார்க்காத மூலையில், ஒரு அடிக்கு ஒரு அடி அளவில் நான்கைந்து கட்டங்களைக் கோடிட்டுக்கொள்ளுங்கள்.

முதல் கட்டத்தில் நுண்துகளும் 2 பார் (‘பார்’ என்பது காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தமும். போகவில்லையென்றால் அடுத்த கட்டத்தில் அழுத்தத்தைக் கொஞ்சம் ஏற்றுங்கள். அதிலும் போகவில்லையென்றால் பெல்லட்டுக்கு மாறுங்கள். ஒரு கட்டத்துக்கு ஒரு மாற்றம்தான். அழுத்தம், ஐஸ் அளவு, நாசில், தூரம் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது, எது கெடுத்தது என்று தெரியாது. தொழிற்சாலையில் 6, 7 பார் வைத்து அடிப்பவர்களுக்கு 2 பார் விளையாட்டாகத் தெரியும். அவர்கள் கை பழகிய வேகம் அது. மெஷின் ஆள் அழுத்தத்தைத் தானாக ஏற்றாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு உங்கள் தரப்பு ஆளிடம் இருக்கட்டும்.

அடிப்பதற்கு முன்னும் பின்னும் அதே இடத்தை, அளவுகோல் வைத்து, டார்ச் வெளிச்சத்தைச் சுவருக்கு இணையாகச் சாய்த்துப் படமெடுங்கள். நேர் வெளிச்சத்தில் எல்லாமே நன்றாகத்தான் தெரியும். சாய்வு வெளிச்சத்தில்தான் உளியின் பழைய தடம் மழுங்கியிருப்பது கண்ணில் படும். பிறகு அவசரப்படாமல் சில வாரங்கள் விடுங்கள். உப்பு பூக்கிறதா, நிறம் திட்டுத் திட்டாகிறதா என்று பார்த்துவிட்டு, எந்தக் கட்டம் மிகக் குறைந்த தலையீட்டில் போதுமான அளவு சுத்தமாகியிருக்கிறதோ அதையே வேலைக்கான அளவாக எழுதி வையுங்கள். ‘இயன்றவரை மென்மையான வழி’ என்று அமெரிக்க உள்துறையின் புனரமைப்புத் தரவிதிகள் சொல்வது இதைத்தான். முழுச் சுத்தத்தை இலக்காக வைத்தவர்கள்தான் அதிகம் கெடுத்திருக்கிறார்கள்.

நான்காம் படி: காற்றும் ஐஸும்

கம்ப்ரசர் பெரிதாக வேண்டும். அதைவிட முக்கியம், அதன் காற்று உலர்ந்திருக்க வேண்டும். ஏர் டிரையரும் எண்ணெய் வடிகட்டியும் இல்லாத கம்ப்ரசரை ஏற்றுக்கொள்ளாதீர்கள். ஈரக் காற்றில் ஹோஸுக்குள் ஐஸ் கட்டி அடைக்கும்; எண்ணெய் கலந்த காற்று, சுத்தம் செய்யப்போன கல்லிலேயே எண்ணெயைப் பூசிவிடும்.

ஐஸைச் சேமித்து வைக்க முடியாது. நல்ல தெர்மோகோல் பெட்டியிலும் ஒரு நாளில் 5 முதல் 10 சதவீதம் காற்றாகிவிடும். நிமிடத்துக்கு 1 கிலோ செலவாகும் மெஷினுக்கு ஒரு மணி நேரத்துக்கு 60 கிலோ. நாளொன்றுக்கு நாசில் உண்மையில் ஓடுவது 5 மணி நேரம் என்றால் 300 கிலோ, கழிவையும் சேர்த்து 330. அன்றன்றைக்கு வரவழைப்பதே நல்லது. பழைய ஐஸ் காற்றின் ஈரத்தை இழுத்து உறைபனி ஏறிக் கட்டியாகிவிடும். பெட்டியை இறுக்கி மூடி சீல் வைக்காதீர்கள், வெடிக்கும். கண்ணாடி ஏற்றிய காரில் வைத்துக்கொண்டும் வராதீர்கள்.

ஐந்தாம் படி: உயிர்ப் பாதுகாப்பு

இந்த வேலையில் உண்மையான ஆபத்து குளிரைவிடக் கரியமில வாயுதான். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1 கிலோ டிரை ஐஸ் அறை வெப்பத்தில் ஏறக்குறைய 0.55 கன மீட்டர் வாயுவாகும். 8 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரமுள்ள பழைய கூடம் ஒன்றின் கொள்ளளவு 192 கன மீட்டர். கதவைச் சாத்திக்கொண்டு நிமிடத்துக்கு 1 கிலோ வீதம் 10 நிமிடம் அடித்தால் 5.5 கன மீட்டர் வாயு சேரும். அது 3 சதவீதத்தை நெருங்குகிறது. 8 மணி நேர வேலைக்கான வரம்பு 0.5 சதவீதம், அதாவது 5000 பிபிஎம் (பத்து லட்சத்தில் 5000 பங்கு). 15 நிமிடத்துக்கான உச்சவரம்பு 30,000 பிபிஎம். 40,000 பிபிஎம் உயிருக்கு உடனடி ஆபத்து என்று வகுத்திருக்கிறார்கள். வெளியிலிருந்து கம்ப்ரசர் தரும் காற்று இதைக் கொஞ்சம் நீர்க்கச் செய்யும், ஆனால் அதை நம்பி ஆளை உள்ளே நிறுத்த முடியாது. அதே கூடத்தில் தொடர்ந்து அடிக்கவும் வேண்டும், 5000-க்குள் நிற்கவும் வேண்டும் என்றால் மணிக்கு 7000 கன மீட்டருக்கு மேல் வெளிக்காற்று தேவை. பெரிய ஊதுவிசிறியும் டக்ட்டும் இல்லாமல் நடக்காது.

இந்த வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். நிலவறை, கிணற்றடி, தாழ்ந்த கருவறை போன்ற இடங்களில் தரையோடு தேங்கும். உறிஞ்சு விசிறியின் வாய் தரை மட்டத்தில் இருக்கட்டும். கரியமில வாயுவை அளக்கும் மீட்டர் ஒன்று முழங்கால் உயரத்தில், ஒன்று அடிப்பவரின் சட்டைக் காலரில்.

ஆக்சிஜன் மீட்டர் இருக்கிறதே, அது போதாதா என்பார்கள். போதாது. கரியமில வாயு 4 சதவீதம் ஏறும்போது ஆக்சிஜன் 20.9-லிருந்து 20-க்குத்தான் இறங்கியிருக்கும், 19.5-இல் அலறும் கருவி வாயே திறக்காது. கார்ட்ரிட்ஜ் முகக்கவசமும் இந்த வாயுவைத் தடுக்காது, தூசியைத்தான் தடுக்கும். காற்றோட்டம் தர முடியாத இடமென்றால் வெளிக்காற்றைக் குழாயில் தரும் கவசம், அல்லது வேறு முறை.

மற்றவை: சத்தம் 100 டெசிபலைச் சர்வசாதாரணமாகத் தாண்டும், காதடைப்பும் காதுமூடியும் சேர்த்துப் போட வேண்டும். குளிர் தாங்கும் கையுறை, முழு முகக் கவசம் வேண்டும். மெஷினுக்கும் உலோகப் பரப்புக்கும் எர்த் கொடுங்கள், நிலைமின்னூட்டம் சுரீரென்று அடிக்கும். சாரத்தின் மேல் நிற்பவர் அந்த அதிர்ச்சியில் தடுமாறினால் போதும். தின்னர் டப்பா பக்கத்தில் இருக்கக் கூடாது.

பழைய பெயிண்ட் என்றாலே ஈயம் இருக்கிறதா என்று சோதியுங்கள். ஈயமோ ஆஸ்பெஸ்டாஸோ இருந்தால் அந்த இடத்தைப் பாலித்தீன் திரையால் அடைத்து, உள்ளே காற்றழுத்தத்தைக் குறைத்து, நுண்தூசியையும் பிடித்துவைக்கும் ஹெப்பா வடிகட்டி வழியாகத்தான் காற்றை வெளியேற்ற வேண்டும். பூஞ்சைக்கும் அதே ஏற்பாடு. அதற்கு வசதி இல்லாதவர் அந்த வேலையை எடுக்கக் கூடாது.

ஆறாம் படி: அடிப்பது

மேலிருந்து கீழே வாருங்கள். நாசில் பரப்பிலிருந்து ஏறக்குறைய ஒரு சாண் தூரத்தில், 45 முதல் 60 டிகிரி சாய்வில். கை நிற்கக் கூடாது. பெயிண்ட் என்றால் ஏற்கெனவே விரிசல் விட்ட ஓரத்தைப் பிடித்து, படலத்துக்கு அடியே காற்று புகும்படி தள்ளினால் தகடு தகடாக வரும். நடுவில் குத்தினால் நேரமும் ஐஸும் வீண்.

சுவரில் வெண்பனி பூத்தால் அங்கிருந்து நகருங்கள். பரப்பு குளிர்ந்துவிட்டது, இனிமேல் அடிபடும் படலத்துக்கும் அடிப்பொருளுக்கும் வெப்ப வித்தியாசம் இல்லை, வேலை நடக்காது. வேறு பகுதிக்குப் போய்விட்டு வாருங்கள். நம் கடற்கரை ஊர்களில் இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. 30 டிகிரி வெப்பம், 80 சதவீத ஈரப்பதம் உள்ள நாளில் 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் தண்ணீர் முத்து முத்தாகக் கட்டும். தண்ணீரே இல்லாத முறை என்று சொல்லி ஆரம்பித்த வேலையில் சுவர் நனைந்து நிற்கும். உள்ளே கிடக்கும் உப்பு அந்த ஈரத்தில் கரைந்து, காயும்போது பூச்சைத் தள்ளும். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் அடைமழைக் காலத்தில் இந்த வேலையை வைக்காதீர்கள். வறண்ட மாதத்தில், சிறு சிறு பகுதியாக, பக்கத்திலேயே விசிறி வைத்துச் செய்யுங்கள்.

தீப்பிடித்த கூரையின் மரத்துக்கு வருவோம். உத்தரமும் குறுக்குச் சட்டமும் மேலே கரிந்து, உள்ளே வைரம் பாய்ந்த தேக்கு நன்றாகவே இருக்கும். உளியால் செதுக்கினால் நாள் கணக்கில் ஆகும், நல்ல மரமும் போகும். மணல் வீசினால் சந்தெல்லாம் மணல். டிரை ஐஸ் கரியை மட்டும் தூளாக்கி எடுத்துவிடும். இடுக்கு, மூட்டு, ஆணித்தலை சுற்றிய இடமெல்லாம் எட்டும். கரியோடு புகை நாற்றமும் பெரும்பகுதி போய்விடும். கவனிக்க வேண்டியது ரேகை. மரத்தில் மென்ரேகையும் வன்ரேகையும் மாறி மாறி வரும். அழுத்தம் கூடினால் மென்ரேகை மட்டும் அரிந்து, சட்டம் வரிவரியாக மேடுபள்ளமாகிவிடும். பழுப்பு மரம் தெரிந்ததும் கையை நகர்த்திவிடுங்கள், வெளுக்கும்வரை அடிக்காதீர்கள். வாய்ச்சித் தடம், தச்சர் போட்ட அடையாளக் குறி இருக்கும் முகப்பைக் கடைசிக்கு வைத்து, குறைந்த அழுத்தத்தில் செய்யுங்கள். கரி போனதும் கட்டமைப்புப் பொறியாளர் வந்து மீதியிருக்கும் கனத்தை அளந்து, அந்தச் சட்டம் தாங்குமா என்று சொல்ல வேண்டும். கரியோடு பார்க்கும்போது பருமனாகத் தெரிந்தது, எடுத்தபின் பாதியாக இருப்பதுண்டு.

ஏழாம் படி: அடித்த பிறகு

விழுந்த செதில்களை ஹெப்பா வேக்குவத்தால் எடுங்கள், துடைப்பத்தால் கூட்ட வேண்டாம். இரும்பு வெறுமையாக நிற்கும், உப்புக்காற்றில் சில மணி நேரத்திலேயே துரு பூக்கும்; ஈரம் உலர்ந்ததும் அன்றே பிரைமர் அடித்துவிடுங்கள். டிரை ஐஸ் இரும்பைச் சொரசொரப்பாக்காது, எனவே வழவழப்பான பரப்பிலும் பிடிக்கும் பிரைமரா என்று தயாரிப்பாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வெண்கலத்துக்குப் புது மெழுகு. கொட்டிய இணைப்புகளுக்குச் சுண்ணாம்புக் காரை. சிமென்ட் வேண்டாம், அது ஈரத்தை உள்ளே பூட்டிப்போட்டுக் கல்லை உடைக்கும். பளபளப்புக்காக சிலிகான் சீலர் அடிக்கச் சொல்லும் ஆலோசனையும் இந்தக் கட்டத்தில்தான் வரும். கல் மூச்சு விடட்டும், மறுத்துவிடுங்கள்.

ஈயப் பெயிண்ட் செதில்களைச் சாதாரணக் குப்பையில் கொட்டக் கூடாது. இரட்டைப் பையில் கட்டி, அபாயக் கழிவு எடுக்க உரிமம் பெற்றவரிடம் ரசீது வாங்கிக்கொண்டு கொடுங்கள். அந்த ரசீதையும், பகுதிவாரியாக எந்த அழுத்தம், எந்த நாசில், எந்தத் தேதி என்ற குறிப்பையும், முன்-பின் படங்களையும் கட்டடத்தின் கோப்பிலேயே சேர்த்து வையுங்கள். அடுத்த முறை சாரம் கட்டுபவர் மாதிரிச் சோதனையை அதிலிருந்தே தொடங்கலாம்.